சீட்டு எண் 988027

சித்ரா என்றால் இங்கே பெண்ணில்லை.
பஹ்ரைனில் ஒரு தீவு. எண்ணெய்த் தொட்டிகள்,
தொட்டியைச் சுற்றிச் சாரம், சாரத்தின்மேல் நான்.
முதல் மாதம் முழுக்க என் மனைவி
"எப்படி இருக்கா உங்க சித்ரா?" என்றே
போனை எடுத்தாள்.

கேட் பாஸில் ஆறு இலக்கம்.
பக்கத்திலேயே அரபியிலும்:
எட்டு ஒரு கூரை,
ஏழு அந்தக் கூரையைக் கவிழ்த்தது,
சுழி வெறும் புள்ளி, ஈ உட்கார்ந்த மாதிரி.

இரண்டால் போகாது, பார்த்தாலே தெரியும்.
இலக்கங்களைக் கூட்டினால் முப்பத்துநாலு,
மூன்றும் ஆகாது.
ஏழுக்கு ஐந்து மிச்சம்.
பதின்மூன்று ஏறக்குறைய உள்ளே போய்விட்டது;
ஒன்றே ஒன்று வெளியே நின்றது,
பஸ் கிளம்பியபின் ஓடிவந்தவன்போல.

அன்றே தீர்மானித்தேன், இது பகா எண்.
நிரூபிக்க வேண்டும், அவ்வளவுதான்.
வர்க்கமூலம் ஆயிரத்தைத் தொடாது.
அதுவரை உள்ள பகா எண்கள் நூற்று அறுபத்தேழு.
ராத்திரிக்கு ஒன்று.
கால்குலேட்டர் கிடையாது,
சிமெண்ட் மூட்டைக் காகிதமும் தச்சுப் பென்சிலும்.

இருபத்தொன்பதுக்கு இருபத்தாறு மிச்சம்.
முப்பத்தொன்றுக்கும் அதே இருபத்தாறு.
ஒரு வாரம் அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.
மேல்கட்டில் ராம்சனேகி கேட்டான்,
"என்ன, கடன் கணக்கா?"
ஆமாம் என்றேன். அது சுலபம்.

எழுபத்தொன்பதாவது இரவு, நானூற்றொன்று.
மிச்சம் முந்நூற்று அறுபத்துநாலு.
மறுநாள் பஸ்ஸில் பிலவேந்திரன்
காகிதத்தை எட்டிப் பார்த்தான்.
தகடு வெட்டுகிறவன்,
எதைக் கண்டாலும் அவனுக்கு நீளம், அகலம்.

"இவ்வளவு சதுர மில்லியா?
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று நாலில்
ஒரு சதுரத் தகடு எடு.
ஒன்பது அதிகம் வருது.
மூலையில மூணுக்கு மூணு நறுக்கிப் போடு.
ஓரத்துல துருத்துற மூணு மில்லிப் பட்டையை அறு,
திருப்பிப் பக்கத்துல வச்சுப் பத்தவை.
991க்கு 997.
முடிஞ்சுது."

பஸ் பாலத்தில் ஏறி இறங்குவதற்குள்.

சாரக்காரன் புத்தி கீழிருந்துதான் ஏறும்.
விடை உச்சியில், கூரைக்கு அடியில்
குந்தியிருந்திருக்கிறது.

கோபம் வந்தது.
எண்மேலா அவன்மேலா, தெரியவில்லை.
உடையாது என்று நம்பி நெஞ்சில் குத்தித் திரிந்தது
இரண்டு துண்டு.
துண்டுகள் இரண்டும் பகா எண்கள்,
அடுத்தடுத்தவை,
நடுவில் அவர்கள் சாதியில் வேறு ஆளில்லை.

அன்றிரவு நானூற்றொன்பது.
போட்டுப் பார்த்தேன்.
இருநூற்றுத் தொண்ணூற்றிரண்டு மிச்சம்.

எழுநூறுகளில் இருந்தபோது
பாஸ் காலாவதியானது.
புதியது நாலில் முடிகிறது,
தொட்டவுடன் பிளக்கிற எண்; அதை மதிக்கவில்லை.
பழையதைக் கவுண்டரில் கொடுத்துவிட்டு
எண்ணை மட்டும் வைத்துக்கொண்டேன்.

ஷமால் காற்று ஜன்னலை அரைத்த இரவுகளிலும்
ஒன்று தவறவில்லை.
983க்கு நூற்றுப் பன்னிரண்டு.
பிலவேந்திரன் அதற்குள் ஜுபைலுக்குப் போய்விட்டான்.

பிறகு 991.
ஒன்பது முறை. மறுபடி ஒன்பது முறை.
அறுநூற்றுத் தொண்ணூற்று மூன்று நின்றது,
பக்கத்தில் கடைசி இலக்கம் ஏழை இறக்கினேன்.
ஏழு முறை, சரியாக.

மிச்சம் எழுதும் இடத்தில்
அரபியில் எழுதுவதுபோல்
ஒரு புள்ளி வைத்தேன்