பட்டம் இல்லாதவளுக்கு இவ்வளவு காற்று

விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருக்கும்:
முடித்த படிப்பு.
ஸ்டாக்டனில் அந்தக் கட்டத்துக்குள்தான்
நான்கு வருடம் குடியிருந்தேன்.
இரவெல்லாம் கிடங்கில் பெட்டி ஒட்டும் வேலை,
பகலில், இன்னொருத்தி எழுந்துபோன சூடு ஆறாத கட்டில்.
கல்லூரியில் இரண்டு பருவம் தாக்குப்பிடித்தேன்.
அதற்கு வாங்கிய கடன் மட்டும்
இன்றுவரை ஒரு நாளும் மட்டம் போட்டதில்லை.

தெற்கு டகோட்டாவில் தானியக் கிடங்குக்கு ஆள் தேவை,
மணிக்கு இருபத்திரண்டு டாலர்.
டுவெய்ன் போனில் கேட்டது இரண்டே கேள்வி:
ஏணி ஏறுவாயா? உன் வண்டி ஓடுமா?
இரண்டுக்கும் ஆமாம் என்றேன்.
ஒன்று பொய் என்று வயோமிங்கில் தெரிந்தது,
பெல்ட் அறுந்து இரண்டு நாள் ஒரு பெட்ரோல் பங்க்கில் கிடந்தபோது.
மற்றதும் பொய் என்று
நூற்றிருபது அடி உயரத்தில்.

வாடகை வீட்டை அர்லீஸ் திறந்து காட்டினாள்.
மூன்று அறை, மாதம் நானூற்று ஐம்பது.
மற்ற இரண்டு அறையில் யார் இருக்கிறார்கள் என்றேன்.
அவளுக்குக் கேள்வி புரியவில்லை.
யாருமில்லையே, என்றாள்.
முதல் வாரம் முழுக்கச் சமையலறையில் படுத்தேன்,
ஃப்ரிட்ஜாவது மூச்சு விடும் என்று.

அக்டோபரில் லாரிகள் வரிசைகட்டின.
சோளத்துக்குள் குழாயை இறக்கி
ஒரு கை அளவு எடுத்து ஈரம் பார்க்க வேண்டும்.
பதினைந்து சதத்துக்கு மேல் போனால் விலையில் வெட்டு.
அறுபது வயது ஆண்கள் இறங்கி வந்து
என் கருவியில் எண் விழும்வரை
தொப்பியைக் கையில் சுருட்டியபடி நிற்பார்கள்.
தேர்வு முடிவு ஒட்டிய பலகை முன்னால்
நான் நின்றதும் இப்படித்தான்.
பதினேழு புள்ளி நான்கு, என்பேன்
தரையைப் பார்த்து.

மூக்கைச் சிந்தினால் சோளத்தூள்.
பல்வலி வந்தால் தொண்ணூறு மைல்.
எந்த ஊர்ப் பெண் நீ, என்றான் மதுக்கடையில் ஒருவன்.
கலிஃபோர்னியா.
இல்லை, அதற்கு முன்னே?
அதற்கு முன்னே என் அம்மாவின் வயிற்றில், என்றேன்.
அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அங்கே போவதில்லை.

யெசேனியா என்பது யார் வாயிலும் நுழையவில்லை.
சம்பளச் சீட்டில் நான்கு விதமாக எழுதிப் பார்த்து
கடைசியில் யெஸ் என்று வெட்டிவிட்டார்கள்.
யெஸ், மூன்றாம் குழியைத் திற.
யெஸ், மண்வெட்டி எங்கே?
பிறந்ததிலிருந்து எனக்கு யாரும்
இத்தனை தடவை சம்மதம் சொன்னதில்லை.

ஜனவரியில் ஒரு விடியற்காலை மைனஸ் இருபத்தாறு.
தம்பிக்குச் செய்தி அனுப்பினேன்:
கடைசியில் எனக்கும் டிகிரி கிடைத்துவிட்டது.
அவன் பரீட்சை ஹாலில் இருந்தான்.
ராத்திரிதான் பதில் வந்தது,
ஒரு கட்டைவிரல்.

விரல் என்றதும் இன்னொன்று.
இங்கே எதிரே வரும் எந்த வண்டிக்கும்
ஸ்டியரிங்கிலிருந்து சுட்டுவிரல் ஒன்று எழுந்து அமரும்.
அவ்வளவுதான் வணக்கம்.
எங்கள் ஊரில் ஸ்டியரிங்கிலிருந்து எழும் விரலுக்கு
ஒரே பொருள்.
முதல் மாதம் ஜில்லாவே என்மேல் கோபமாக இருப்பதாக நினைத்து
இறங்கி இறங்கி என் விளக்குகளைச் சரிபார்த்தேன்.

போன செவ்வாய்க்கிழமை, பனி கரைந்த சாலையில்,
கலிஃபோர்னியா நம்பர் பலகையோடு ஒரு கார்.
கூரைமேல் கயிறு போட்டுக் கட்டிய மெத்தை
காற்றில் பட்டம்போல் எழும்பப் பார்த்தது.
ஓட்டி வந்தவளுக்கு என் வயதிருக்கும்.
நான் நினைக்குமுன்னே என் விரல் எழுந்துவிட்டது.

அவள் முகம் சுளித்தாள்.
பதிலுக்கு அவளும் ஒரு விரல் காட்டினாள்,
வேறு விரல்.

கண்ணாடியில் அவள் சிறிதாகிக்கொண்டே போனாள்.
இடது பின்விளக்கு எரியவில்லை.
யாராவது சொல்வார்கள்.