கட்டுப்பாட்டை இழந்து

நூற்றியிருபது சொல். அதற்கு மேல் போகாது
எங்கள் பிரிவின் பிரஸ் நோட்.
பெயர், எண், ரெஜிமெண்ட், ஊர்,
கடமையின்போது.
எப்படி என்பதற்கு அரை வரி.

ஹவில்தார் நான். துப்பாக்கி தூக்கிய நாட்களை
விரல்விட்டு எண்ணலாம்.
பதினோரு வருஷமாய்க் கழுத்தில் தொங்குவது
அடியில் வெள்ளைப் பெயிண்டால் எண் எழுதிய
அரசாங்கக் கேமரா.
அதிகாரிகள் ரிப்பன் வெட்டுவது,
முகாமில் கிழவர்கள் கண்ணாடி மாட்டிக்கொண்டு
ஒருவரையொருவர் பார்ப்பது,
எல்லாம் எடுத்து மூன்று மொழியில் அனுப்பியிருக்கிறேன்.
'தமிழை இவன் பார்த்துக்கொள்வான்' என்பார் மேஜர்.
தமிழ் என்னைப் பார்த்துக்கொள்ளும் என்று
நான் இருந்தேன்.

லான்ஸ் நாயக் கரியராமன், ஓட்டுநர்.
'பனிப்பாதையில் வாகனம் கட்டுப்பாட்டை இழந்து.'
அடித்தது நான்தான்.
வாழவந்தி என்ற ஊரை
ஆங்கிலத்தில் அடித்தபோது ழ போனது.
சூரமங்கலம் ரயில்வே காலனியில் வளர்ந்த
எனக்கே போனது.

பெட்டியோடு நீ போ என்றார்கள்,
பாஷை தெரியும் என்று.

அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் பள்ளி விட்ட நேரம்.
சைக்கிள்கள் ஒதுங்கின.
ஒரு பையன் சல்யூட் வைத்தான்,
மறு கையில் பாதி தின்ற தட்டுவடை செட்.
எடுக்கவில்லை.
கோரிமேடு வரைக்கும்
எடுத்திருக்கலாமே என்று உறுத்தியது.
இந்த வேலையின் வியாதி அது.

அடிவாரத்தில் நிருபர்கள் ஏழு பேர்.
"எத்தனை பேரைச் சுட்டார் சார்?"
லாரி, என்றேன். பனி, என்றேன்.
"அதைக் கொஞ்சம்..." என்று மூத்தவர்
முடிக்காமல் சிரித்தார்.
நல்ல மனிதர். என் நோட் எதையும்
குப்பையில் போடாதவர்.
மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.
பயிற்சியில் முதலில் கற்றுக்கொண்ட வாக்கியம்.

இருபது கொண்டை ஊசி வளைவு.
ஒவ்வொன்றிலும் பெட்டி
கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்த்தது.

மேலே காப்பி பூத்திருந்தது.
சில்வர் ஓக்குகளுக்கு நடுவில்
எது பூ எது மூடுபனி என்று
லென்ஸ் தடுமாறியது.

அம்மாவால் நிற்க முடியவில்லை.
மடித்த கொடியைத் தங்கை வாங்கினாள், இலஞ்சியம்,
ஏற்காட்டில் ஜெராக்ஸ் கடையில் டைப் அடிப்பவள்.
"இந்தப் பக்கம்மா, ஒரு நிமிஷம்" என்றேன்.
பார்த்தாள்.
அந்தப் படம்தான் எல்லாப் பேப்பரிலும் வந்தது.

குழி மூடிய பிறகு என்னிடம் வந்தாள்.
கைபேசியில் என் நோட்.
"யார் எழுதினது இது?"
மேலிடத்தில், என்று நாக்கு தொடங்கியது.
நான், என்றேன்.

"பதினெட்டு வயசுலேர்ந்து மிளகு மூட்டையோட
இந்த இருபதும் ஏறி இறங்கினவன்.
ராத்திரியில. மழையில.
ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எட்டுப் போட்டு
மூணாவது தடவைதான் லைசென்ஸ் குடுத்தாங்க,
அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.
கட்டுப்பாட்டை இழந்துன்னா
யாரு இழந்தது?"

எழுவாய் வாகனம்.
படிக்கிறவன் கண் போவதோ
ஓட்டியவன் கைக்கு.
இத்தனை வருஷத்தில் எந்த நிருபரும்
என் வாக்கியத்தை இப்படிப் பிரித்ததில்லை.

"சண்டைன்னு போடாதீங்க. லாரின்னே போடுங்க.
ரோடு சரிஞ்சுதுன்னும் போடுங்க.
சரிஞ்சுதுதானே?"

சரிந்தது.
பின்னால் வந்த வண்டிக்காரன் சொன்னது
என் குறிப்பேட்டில் இருந்தது.
விசாரணை முடியும்வரை
அது என் பையிலேயே இருக்க வேண்டும்.
அவளிடம் தலையை மட்டும் ஆட்டினேன்.
தலையாட்டலுக்கு விதி எதுவும் இல்லை.

இறங்கும்போது பதினோராம் வளைவில்
சிக்னல் கிடைத்தது. மேஜருக்கு அனுப்பினேன்:
இரண்டு திருத்தம். ஒன்று ஊர்ப் பெயர். இரண்டு, சாலை.
அடிவாரம் வருமுன் பதில்:
ஒன்று ஓகே. இரண்டு பிறகு.

மறுநாள் ஐந்து பேப்பரில் சண்டை.
ஒன்றில் செய்தியே இல்லை.
மூத்தவருடையதில் லாரி என்றே இருந்தது,
எட்டாம் பக்கத்தில்,
வாழவந்தி, ழ சரியாக.

கேமராவை ஒப்படைத்தபோது
கார்டில் ஒரு படம் மிச்சம்.
பதினோராம் வளைவு, ஆள் யாரும் இல்லை,
வெள்ளையடித்த ஓரக்கல், ஈரம்.
தலைப்பு கேட்டது கணினி.
'லான்ஸ் நாயக் கரியராமன் இச்சாலையில் வண்டி ஓட்டினார்'
என்று அடித்தேன்.
பயன் என்ற கட்டத்தில்:
கோப்புக்கு மட்டும்.