இரண்டு வாசற்படி

துறைமுகக் குறிப்பேட்டில் ஹோக்னி எழுதியிருந்தார்:
"நேற்றிரவு சிவப்பு விளக்கு
என்னைப் பார்த்து நாற்பத்தொரு முறை கண்ணடித்தது.
எனக்கு மனைவி இருக்கிறாள்."

ஜூலைக் கடைசி. பரோயே தீவுகளில்
இருட்டு படியிறங்கவே மூன்று மணி நேரம் ஆகும்.
பாறைக்குப் பின்னால் போன சூரியன்
போனதாகவும் இல்லை, இருப்பதாகவும் இல்லை.

கம்பத்தின் உச்சியில் ஒளியுணரி.
இரண்டரை வோல்ட்டுக்குக் கீழே இரவு,
மேலே பகல்.
அந்தக் கோட்டின்மேல்
ஒரு மேகம் நகர்ந்தால் இரவு,
ஒரு கடற்பறவை விலகினால் பகல்.
பெட்டிக்குள் ரிலே, மதில்மேல் பூனை,
டக், டக், டக்டக், டக்.

முதல் நாள் ஏறி ஒரு மின்தேக்கி வைத்தேன்.
பறவையின் நிழலை அது விழுங்கியது, உண்மை.
ஆனால் ரிலே இழுக்கும்போதெல்லாம்
மின்சாரம் ஒரு மயிரிழை நடுங்கும்.
நத்தையாய் வரும் அந்தியைக் குழப்ப
அந்த நடுக்கமே போதும்.
ஹோக்னி: "இருபத்தாறு. முன்னேற்றம்."

மறுநாள், மழையில்,
ஒரே ஒரு மின்தடை.
பழுப்பு, கறுப்பு, பச்சை வளையம். பத்து லட்சம் ஓம்.
அரிசியைவிடக் கொஞ்சம் நீளம்.
விடையின் வாயிலிருந்து அதன் வழியே
கேள்வியின் காதுக்கு ஒரு கம்பி.

இப்போது சில்லு
தான் சொன்னதில் ஒரு சொட்டைத் தானே கேட்கிறது.
இரவு என்று சொல்லிவிட்டால்
இரண்டே முக்காலைத் தாண்டும்வரை இரவுதான்.
பகல் என்றால்
இரண்டேகாலுக்குக் கீழே சறுக்கும்வரை பகல்.
நடுவிலுள்ள அரை வோல்ட்டில்
மேகம் எப்படி வேண்டுமானாலும் ஆடட்டும்.
அங்கே வெளிச்சம் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை,
எந்தப் பக்கமிருந்து வந்தாய் என்றுதான்.

இன்னும் அகலமாக வைத்திருக்கலாம்.
ஆனால் அப்போது விளக்கு என் அண்ணன் ரோய் ஆகிவிடும்:
விடிந்து வெகுநேரமான பிறகும்
இரவென்றே சாதிப்பான்.

பதினொன்றுக்கு எட்டு நிமிடம் இருக்கையில்
டக்.
ஏணியடியில், கையுறைக்குள் தண்ணீர் தேங்க,
இரண்டாவதற்காகக் காத்திருந்தேன்.
ஒரு படகு திரும்பி வந்து
கயிறு கட்டி, விளக்கணைத்து, ஆட்களும் போனார்கள்.
வரவில்லை.

காலையில் குறிப்பேடு:
"ஒன்று. ரன்வாவுக்கு நன்றி."
அதற்குக் கீழே, வேறு மையில், பிற்பாடு எழுதியது:
"இனி என்னைப் பார்த்துக் கண்ணடிக்க
யாரும் இல்லை."