நகர விவரக்குறிப்பு, பக்கம் ஒன்று

மொத்த மக்கள் மூவாயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு.
தட்டச்சு செய்தவள் நான்தான்,
ஹேஸ்கல் பெண்ட் நகர அலுவலகத்தில்
சன்னலோரம் இருக்கும் ஒரே மேசையில்.

நூறு பெண்களுக்கு இருநூற்றொன்பது ஆண்கள்.
கறுப்பினத்தவர் நூற்றுக்கு இருபத்திரண்டு.
காலி வீடுகள் நூற்றுத் தொண்ணூறு.
சோளம், சோயா, ஒரு கதவுத் தொழிற்சாலை
(மூடிவிட்டார்கள். அடுத்த பதிப்பில் எடுக்க வேண்டும்).

இதைப் படித்துவிட்டு
மெம்ஃபிஸிலிருந்து வந்தார் ஒடெல் ப்ரிங்கிள்.
பழைய செருப்புக் கடையைப் பிடித்து
மூன்று சுழல் நாற்காலி போட்டார்.
"இரண்டாயிரத்து அறுநூறு தலை" என்றார்,
உரிமக் கட்டணம் நாற்பது டாலரை எண்ணி வைத்தபடி,
"இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்தால்கூட..."
ரசீது கிழித்துக் கொடுத்தேன்.
வாயைத் திறந்திருக்கலாம்.
அந்தக் கடை நான்கு வருடமாகப் பூட்டிக் கிடந்தது,
நகரத்துக்கு அந்த நாற்பதும் வேண்டியிருந்தது.

மூன்றாவது வாரம் வந்தார்,
நான் அச்சிட்ட தாளை நான்காய் மடித்து எடுத்துக்கொண்டு.
"மிஸ் ட்ரெக்ஸ்லர், ஆண்கள் எங்கே?"

சன்னலைக் காட்டினேன்.
ஐந்து மணிக்கே இருட்டும் நவம்பர்.
அறுத்த சோளத் தாள்களுக்கு அப்பால்
வேலி நெடுக ஆரஞ்சு விளக்குகள்
ஒவ்வொன்றாய் எரியத் தொடங்கியிருந்தன.

ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பேர்.
ஏப்ரல் முதல் தேதி எங்கே படுத்தாயோ
அதுதான் உன் ஊர் என்பது கணக்கெடுப்பின் விதி.
ஆக, எங்கள் ஊர்க்காரர்கள்,
எங்கள் தெரு ஒன்றின் பெயரும் தெரியாதவர்கள்.
அவர்கள் தலைக்கு இவ்வளவென்று மாநிலம் தரும் பணத்தில்தான்
மேப்பிள் தெருக் குழிகளை அடைத்தோம்.
அந்தத் தலைகளுக்கு உள்ளேயே ஒருவர் முடி வெட்டுகிறார்,
மணிக்குப் பதினேழு சென்ட் கூலி.

ஒடெல் சிரித்தார்.
அது சிரிப்புதானா என்று இன்றுவரை தெரியாது.
மாதக் கடைசியில் காலி செய்துவிடுவார் என்று
சாவி மாட்டும் ஆணியைக்கூடத் துடைத்து வைத்தேன்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு
பெட்ரோல் நிலையத்தில் வந்து நிற்கும் சிகாகோ பேருந்து.
பெண்கள் இறங்குவார்கள்,
கண்ணாடிப் பையில் தின்பண்ட இயந்திரத்துக்கான காசுகளுடன்.
சிறைக்கு வேன் பன்னிரண்டரைக்கு.
அந்த ஒன்றரை மணி நேரத்தை
இருபது வருடமாக நாங்கள் யாரும் பார்த்ததில்லை.
ஒடெல் பார்த்தார்.
நாற்காலிக் கைகளுக்குக் குறுக்கே பலகை போட்டார்,
நாலு வயது, ஆறு வயதுக்காரர்கள் ஏறி உட்கார.
தூங்கி நசுங்கிய தலைகள்.
"காது நல்லாத் தெரியணும்" என்று ஒரு தாய்,
"போன தடவை அவர் அடையாளம் தேடினார்."
கூலியை அந்தப் பையிலிருந்தே
காசு காசாக எடுத்துக் கொடுக்கிறார்கள்.

புதிய பதிப்பு தட்டச்சில் இருக்கிறது.
சுயதொழில் புரிவோர்: ஒன்று கூடியிருக்கிறது.
வேலைக்குப் போய்ச் சேரும் சராசரி நேரம்
பத்தொன்பது நிமிடம்.
பேருந்தின் ஆறரை மணி நேரத்தை
எந்தக் கட்டத்தில் போடுவது என்று
தலைநகருக்கு எழுதிக் கேட்டேன்.
"பொருந்தாது" என்று வந்தது.

போன வாரம் காபி வாங்க வரிசையில் நின்றபோது
கழுத்தில் முடித்துணுக்கு ஒட்டிய ஒரு பையன்
என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டான்,
"நீங்க இந்த ஊரா?"
ஆமாம் என்றேன்.
"எங்கப்பாவும்" என்றான்.