எப்ப வருது

முதல் நாள் கேட்டார்கள்:
எப்ப வர்றான்?
ஐந்தாம் நாள், கொருக்குப்பேட்டை கேட் மூடிக் கிடக்க
வண்டிகளுக்கு நடுவே கூடையை இறக்காமலே
மீன்காரம்மா கேட்டது:
எப்ப வருதாம்?
எந்த ராத்திரியில் என் அண்ணன்
அஃறிணையானான் என்று தெரியவில்லை.

நான் ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறவள்.
தண்டையார்பேட்டையில் பாதிப் பேரின் பிறப்பும் சாவும்
என் கைவழியே
பக்கம் இரண்டு ரூபாய்க்குப் போயிருக்கின்றன.
கஜபதியின் பாஸ்போர்ட்டைக்
கண்ணாடிமேல் கவிழ்த்து வைத்தபோது
வெளிச்சம் அவன் முகத்துக்கு அடியில் ஊர்ந்து போனது.
எட்டு காப்பி.
முதலாளி காசு வேண்டாமென்றார்.
அதற்குத்தான் முதலில் அழுதேன்.

பாஸ்போர்ட்டில் அவன் பெயர் ஐயில் முடிகிறது,
ரேஷன் கார்டில் ஒய்யில்.
ஜுபைலில் ஏதோ ஒரு குளிரறையில்
அந்த ஓர் எழுத்துக்காக
ஒன்பது நாள் படுத்துக் கிடந்தான்.
தாசில்தார் ஆபீசில் எழுதிக் கொடுத்தோம்:
இருவரும் ஒருவரே.
அந்த ஒருவரும் இல்லை என்பதற்கு
வேறு படிவம்.

டில்லிராணி அண்ணியிடம் நாலு தாளில் கையெழுத்து.
அதில் ஒன்று, அங்கேயே புதைக்கச் சம்மதம்.
கம்பெனி ஆள் வாட்சப்பில் அனுப்பி நானே பிரிண்ட் எடுத்தது.
"இதுன்னா சீக்கிரம் முடியும் சிஸ்டர்."
அண்ணி படிக்காமலே பேனாவைத் திறந்தாள்.
பிடுங்கி, நாலாய் மடித்து,
ஆடுகிற ஸ்டூலின் காலுக்கு முட்டுக் கொடுத்தேன்.
இன்னும் அங்கேதான் இருக்கிறது.
ஸ்டூல் ஆடுவதில்லை.

சாமியானாவை மூன்றாம் நாளே அவிழ்த்துப் போனார்கள்,
வாடகை ஏறுகிறதென்று.
மோளக்காரர்கள் வந்து டீ குடித்துத் திரும்பினார்கள்.
பதினாறை எதிலிருந்து எண்ணுவது,
அண்ணி பூ வைப்பதா எடுப்பதா,
தெருவில் ஆளுக்கொரு கணக்கு.
அவள் பொட்டு மட்டும் வைத்தாள்,
கடுகளவு,
யாராவது கேட்டால் மச்சம் என்று சொல்லிவிடலாம்போல.

இருபத்து மூன்றாம் நாள், மீனம்பாக்கம், கார்கோ.
மாலையும் பலூனுமாய்ப் பிள்ளைகள் நிற்கும் வாசல் வேறு.
எங்களுக்கு லாரிகள் நுழையும் வாசல்.
முன்னால் கார் உதிரி பாகங்கள்,
பின்னால் யாருடையதோ டிவி.
ரசீதில் எடை நூற்றுப் பதினெட்டு கிலோ.
"அவரு அம்பத்தெட்டுதானே" என்றாள் அண்ணி.
மிச்சம் மரமும் தகரமும் என்று எனக்குத் தெரியும்.
சொல்லவில்லை.

ஹார்பரில் பதினோரு வருஷம்
கன்டெய்னர்களைக் கட்டி இறுக்கினவன் அவன்.
அடுத்தவன் போட்ட முடிச்சை
ஒருமுறை இழுத்துப் பார்க்காமல் நகரமாட்டான்.
அதனால் பெட்டியின் கயிற்றை
எல்லார் முன்னாலும் இழுத்துப் பார்த்தேன்.
இறுக்கமாகத்தான் இருந்தது.
கவுன்டரில் இருந்தவர்,
"பாடி வந்துருச்சாம்மா?"
"வந்துட்டான்" என்றேன்.
ஒரு கணம் நிமிர்ந்து பார்த்துவிட்டு
முத்திரை குத்தினார்.

வீட்டில் முகம் காட்டியது கால் மணி நேரம்.
மருந்தில் கறுத்துப் போயிருந்தது,
மூக்கு மட்டும் அம்மாவுடையது.
மோளம் இந்த முறை டீக்கு நிற்கவில்லை.
மூலக்கொத்தளத்தில்,
பெட்டியோடு வைக்க முடியாது என்றார்கள்.
பலகையை வீணாக்குவானேன் என்று
யாரோ ஆட்டோவில் திருப்பி ஏற்றினார்கள்.

இப்போது அது எங்கள் தெருக் கால்வாய்மேல்,
மூடி உடைந்த இடத்தில் கிடக்கிறது.
இரண்டு மழைக்கும் அழியாத ஓர் அம்புக்குறி,
பக்கத்தில் இங்கிலீஷில்: இந்தப் பக்கம் மேலே.
பிள்ளைகள் மிதித்துக்கொண்டு ஸ்கூலுக்கு ஓடுகின்றன.
அண்ணி மட்டும்
தண்ணீர்க் குடத்தோடு
சுற்றிப் போகிறாள்.