இரண்டு ‘சி’

அஸ்தம்பட்டியில், கோர்ட் மதிலுக்கு எதிர்ப்பக்கம்,
ஜெராக்ஸ் கடைக்கும் தட்டுவடை செட் வண்டிக்கும் நடுவே
கிடைத்த ஐந்தடியில் என் கம்ப்யூட்டர்.
தமிழ் ஒரு பக்கம் முப்பது. இங்கிலீஷ் நாற்பது.

நாகலூர் பஸ்ஸில் வந்திறங்கினாள் தீர்த்தாயி,
இருபது கொண்டை ஊசியும் இன்னும்
தலைக்குள் திரும்பிக்கொண்டிருக்க.
மடியிலிருந்து எடுத்து நீட்டினாள்
எஸ்டேட் ரைட்டர் எழுதிக்கொடுத்த தாளை.
இப்படியே அடிச்சு, கைநாட்டு வெச்சு,
மேனேஜர்கிட்ட குடுக்கச் சொன்னாங்க.

மிளகு பறிக்க ஏறியிருக்கிறான் அவள் புருஷன்.
சில்வர் ஓக் மரம், ஒற்றை மூங்கில் ஏணி.
இடுப்புக்குக் கீழே இப்போது
அவன் சொல்வதைக் கேட்க எதுவும் இல்லை.

தாளின் முதல் வரியில் அதற்குப் பெயர்
இன்சிடென்ட்.

அடித்துவிட்டேன். பிறகுதான் விரல் நின்றது.
கரண்ட் போய்த் திரும்பி வந்தாலும் இன்சிடென்ட்தான்,
குரங்கு வந்து பிஸ்கட்டைத் தூக்கினாலும்.
அந்தச் சொல்லுக்குள் யாரும் விழ வேண்டியதில்லை.
ஆக்சிடென்ட் என்றால் ஒரு உடம்பாவது வேண்டும்.

இதே எஸ்டேட்டின் வவுச்சர்கள்
மாதம் ஒரு கட்டு என்னிடம்தான் வரும்.
அதையும் சொல்லிவிட வேண்டும்.

அவளிடம் தமிழில் விளக்கப் பார்த்தேன்.
ஒன்று சம்பவம், இன்னொன்று விபத்து.
சம்பவம் என்றதும் வண்டிக்காரப் பையன் சிரித்தான்;
அவன் ஊர்ப் பேச்சில்
அது அரிவாளோடு வருகிற சொல்.

கடைசி வரியில் இன்னொரு சிக்கல்.
ரிலீஃப் தரும்படி கேட்டுக்கொள்கிறேன், என்றிருந்தது.
ரிலீஃப் தலைவலி மாத்திரை அட்டையில் இருக்கும்,
வெள்ளத்துக்குப் பிறகு பொட்டலமாக வரும்,
வாங்கியவர் கும்பிட வேண்டும்.
காம்பென்சேஷனுக்குக் கும்பிடு கிடையாது.
கொடுக்க வேண்டியது, வர வேண்டியது.

எல்லாம் கேட்டுவிட்டு அவள் கேட்டாள்:
எந்த வார்த்தையில காசு இருக்கு?

எனக்குத் தெரிந்தது ஸ்பெல்லிங்.
ஆக்சிடென்ட்டுக்கு இரண்டு ‘சி’,
ஒன்றை விட்டால் அடியில் சிவப்புக் கோடு ஓடும்.
இன்சிடென்ட்டுக்கு ஒன்று போதும்.
சரியாக எழுதிய தப்பான சொல்லுக்கு
எந்தக் கோடும் வராது.

மூங்கி உளுத்துப் போயிருந்துச்சு, என்றாள்.
தை மாசமே சொன்னாரு, மாத்துங்கன்னு.
அவங்க மாத்தல. இவரு உழுந்தாரு.
இதுக்கு இங்கிலீஷ்ல என்னவோ அதப் போடுங்க.

ஒரு பெயர்ச்சொல்லும் இல்லாமல்
நான்கு வாக்கியம்.
அப்படியே அடித்தேன்.
ஆனால் மேலே, ‘சப்ஜெக்ட்’ என்ற இடம்
கர்சரைச் சிமிட்டிக்கொண்டு காத்திருந்தது.
அங்கே வாக்கியம் கொள்ளாது.

இரண்டு ‘சி’யும் போட்டேன்.
கீழே, கா-ம்-பெ-ன்-சே-ஷ-ன்,
எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொண்டே.
அவள் உதடும் கூட அசைந்தது.

மையை ரைட்டரின் தாளிலேயே துடைத்துக்கொண்டு
முடிச்சை அவிழ்த்து எண்ணினாள்.
சுவரில் என் போர்டு ‘டைப்பிங் சார்ஜ்’ என்கிறது.
வக்கீல்மார் ஃபீஸ் என்பார்கள்.
இந்தாங்க உங்க கூலி, என்று
நாற்பதை வைத்தாள்.
வாங்கிக்கொண்டேன்.