எட்டாம் வருடத்துத் தாள்

டிசம்பர் இருபத்து நான்கு, மாலை நாலு மணி.
மரம் விற்கிறவர் கடையைக் கட்டும் நேரம் பார்த்துத்தான்
ஒவ்வொரு வருடமும் போகிறோம்.
மிஞ்சியது எதுவோ அது எங்களுடையது.
இந்த முறை மிஞ்சியதற்கு ஒரு பக்கம் மொட்டை.
இரண்டு டாலர் கொடுங்கள் போதும், என்றார்.
ஒன்றரை, என்றாள் லரீசா. ஒன்பது வயது.
எனக்குத்தான் கூச்சமாகிவிட்டது.
அவர் சிரித்துக்கொண்டே மீதியை அவள் கையுறையில் போட்டார்.
மொட்டைப் பக்கம் சுவருக்கு, மற்றது நமக்கு
என்று இழுத்துக்கொண்டு வந்தோம்,
மைனஸ் முப்பத்தொன்றில், மூக்கு மரத்துப்போக.

ஓரெஸ்ட் தானியக் கிடங்கு வேலையை இழந்து
இது பதினோராம் வாரம்.
வீட்டில் யாரும் அதைச் சொல்வதில்லை.
எல்லோரும் எண்ணுகிறோம்.

சோளப்பொரியை நூலில் கோக்கிறான் மார்க்கோ.
பாதி நூலுக்கு, பாதி வாய்க்கு.
மரத்துக்கு மாலை கொஞ்சம் இளைத்துத்தான் கிடைக்கும்.

பிறகு தெருச்சுற்று.
காசில்லாத எங்கள் பெரிய திருவிழா இதுதான்:
மின்கட்டணம் ஊராருக்கு, வெளிச்சம் எங்களுக்கு.
மதிப்பெண் போடுவது மார்க்கோவின் பொறுப்பு.
கோவால்சுக் வீட்டு வாசலில் காற்றடைத்த பனிமனிதனுக்கு
போன வருடம் பத்துக்கு ஒன்பது.
இந்த வருடம் காற்றுப் போய்க் குப்புறக் கிடந்தான்.
பாவம், களைத்திருப்பான், என்று ஏழு கொடுத்தான்.

பிள்ளைகள் படுத்ததும் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்குகிறேன்.
பழைய தொலைபேசிப் புத்தகத்துக்கு நடுவே
தூங்குகிறது அந்தத் தாள்.
சிவப்பு, வெள்ளி மணிகள் அச்சிட்டது.
மைரனுக்கு ஐந்து வயதில் வாங்கினேன்.
அன்று அதற்குள் ஒரு பனிச்சறுக்கு வண்டியே அடங்கியது.
வண்டி யாரோ ஓட்டித் தேய்த்தது.
தாள் மட்டும் புதுசு.

ஒட்டுப்பட்டை கூடாது, நூல்தான்.
கிழிக்கக் கூடாது, அவிழ்க்க வேண்டும்.
வீட்டுச் சட்டம் இவ்வளவே.
ஆனாலும் தாள் தாள்தானே,
ஓரம் நைய நைய நான் கத்தரிக்க,
வண்டி போய் பூட்ஸ் ஆனது,
பூட்ஸ் போய் சதுரங்கப் பெட்டி,
அப்புறம் ஒரு கரடி, ஒரு புத்தகம், ஒரு ஜோடி கையுறை,
போன வருடம் லரீசாவுக்கு ஒரு சோப்புக்கட்டி.
பிள்ளைகள் காலணியை விட்டு வளர வளர
தாள் மட்டும் கைக்குழந்தையாகிக்கொண்டே வந்தது.

வருடத்துக்கு ஒருவருக்குத்தான் அது.
மற்றவர்களுக்குச் செய்தித்தாள், மாவுப்பை.
யார் முறை என்று ஜூலையிலேயே வழக்கு ஆரம்பித்துவிடும்.

மிதமான சூட்டில் மடிப்பின்மேல் ஓட்டுகிறேன்.
முழுசாய் ஒன்பது மணிகள், பாதியாய் மூன்று.
ஓர் ஆரஞ்சுகூட அடங்காது.
என்ன வைக்கப்போகிறாய், என்றார் ஓரெஸ்ட்.
தெரியவில்லை என்றேன். நிஜமாகவே தெரியவில்லை.
ஜனவரியிலிருந்து தகர டப்பாவில் சேர்த்த சில்லறையை
ஹீட்டர் பழுது தின்றிருந்தது.
தாளை இஸ்திரி மேசையிலேயே விட்டுவிட்டுப் படுத்தேன்.

காலையில் மேசையில் தாள் இல்லை.

மரத்தடியில் இருந்தது, தீப்பெட்டி அளவில்,
சோளப்பொரி நூலால் நாலு சுற்றுக் கட்டி.
ஒரு பொரி அதிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.
மேலே மைரனின் கையெழுத்தில் அப்பா பெயர்.

சட்டப்படி, கிழிக்காமல், ஒவ்வொரு முடிச்சாய் அவிழ்த்தார்.
விவசாயிகளின் மூட்டை தூக்கிய பெரிய விரல்கள்.
நேரம் எடுத்தது.
உள்ளே இரண்டு கால் டாலர், கலைமான் தலையோடு.
ஒரு சீட்டு:
பதினோராம் வாரச் சம்பளம்.

மீதிக் காசை நான் கேட்கவே மறந்திருந்தேன்.
லரீசா ஜன்னலுக்கு வெளியே
எதையோ மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
பத்துக்கு எத்தனை, என்று மார்க்கோ எல்லோரையும் கேட்டான்.

தாளைக் கொடு, மடித்து வைக்கணும், என்றேன்.
அவர் அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு
காபி ஆறுகிறது என்றார்.